கடலைத் தேடிப்போன கலங்கரை விளக்கம்

நான் பொய் சொல்வதில்லை. விவரம் சேர்ப்பேன், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் என் மனைவி ஹில்டாவுக்கு நாற்பத்தாறு வருஷமாகப் புரியவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்தோத்திர காணிக்கை போடுகிறவர்கள் காரணத்தைக் கவரின்மேல் எழுதித் தரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் அதை மைக்கில் வாசித்து ஜெபிப்பார். பிறந்தநாள், பேரனுக்கு வேலை, மூல ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று எல்லாம் தாம்பரம் முழுக்கக் கேட்கும். ஒருமுறை நான், கிணற்றில் விழுந்த என் பல்செட்டை ஓர் ஆமை தன் வாயில் மாட்டிக்கொண்டு மேலே வந்து சிரித்ததற்காக ஸ்தோத்திரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆயர் வாசிக்க ஆரம்பித்தபின் நிறுத்த வழியில்லாமல் ஆமை சிரித்தது வரைக்கும் வாசித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கவரை ஹில்டாதான் எழுதுகிறாள்.

போன மாதம் என் சகலை ஆரோன் கோத்தகிரியிலிருந்து வந்தார். ஹில்டாவின் தங்கை கணவர். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் மேற்பார்வை பார்த்தவர். எதைப் பார்த்தாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். எதைக் கேட்டாலும் “அப்படியா” என்பார். தங்கை காலமான பிறகு இரண்டு வருஷமாக அந்தக் குளிரில் தனியாக இருக்கிறார். ஊரப்பாக்கத்தில் இருக்கும் மகள் ஜெரூஷா அவருக்கென்று ஓர் அறையைப் பெயின்ட் அடித்து, கம்பளி கூட வாங்கிப் போட்டு வைத்திருந்தாள். ஊரப்பாக்கத்தில் கம்பளி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு ஆசை அவளுக்கு.

ஆரோனோ திங்கட்கிழமை ராத்திரி திரும்பிப் போக டிக்கெட்டோடு வந்திருந்தார்.

வியாழக்கிழமை ஜெரூஷா போன் செய்தாள்.

“பெரியப்பா, அப்பா இங்க இருக்க மாட்டேங்கிறார். இந்த ஊர்ல என்ன இருக்கு, வெயிலும் ஜிஎஸ்டி ரோடும்தானேன்னு கேக்கிறார். நீங்க ஒரு நாள் சென்னையைச் சுத்திக் காட்டுங்களேன். துறைமுகம், லைட் ஹவுஸ், மியூசியம்னு. ஏதாவது ஒண்ணு பிடிச்சுப்போனா இருந்துடுவார்.”

“என்கிட்ட விட்டுட்டே இல்ல, கவலையை விடு.”

“ஒரே ஒரு விஷயம் பெரியப்பா. கதை விடாதீங்க. அவர் நோட்ல எழுதிப்பார். ஒரு பொய் தெரிஞ்சாலும் அன்னிக்கே மூட்டை கட்டிடுவார்.”

எனக்கும் இதில் சுயநலம் உண்டு. நான் கேரம் ஆடும்போது ஸ்ட்ரைக்கர் வைக்கிற கோட்டைப் பற்றிச் சண்டை போடாத ஒரே ஆள் ஆரோன். என்னோடு ஆடிக்கொண்டிருந்த மற்ற மூன்று பேரில் ஒருவர் கனடா போய்விட்டார், ஒருவர் கர்த்தரிடம் போய்விட்டார், மூன்றாமவர் என்னோடு பேசுவதில்லை. ஆரோன் போய்விட்டால் நான் இடது கையோடு வலது கை ஆடவேண்டும். இடது கை ரொம்ப அழுகுணி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பம்மலில் ஒரு தோல் கம்பெனி ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். ஏற்றுமதி மூட்டைகளின்மேல் ‘மெட்ராஸ் போர்ட்’ என்று மை போட்டு அச்சடித்தது இந்தக் கைதான். ஆனால் அந்தத் துறைமுகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. லைட் ஹவுஸையும் மியூசியத்தையும்கூடப் பார்த்ததில்லை. தாம்பரத்துக்காரன் டவுனுக்குப் போவது கல்யாண ரிசப்ஷனுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும்தான். இதை ஆரோனிடம் நான் சொல்லியிருக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல்கள் என் கையெழுத்துக்குக் காத்திருந்ததைப் பற்றித்தான் வருஷக்கணக்காகப் போனில் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஏறினோம். எழும்பூரில் இறங்கி மியூசியத்துக்கு நடந்தோம். கேட்டில் பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பலகை.

ஆரோன் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நோட்டை எடுத்தார்.

நாற்பது வருஷம் இதே ஊரில் இருக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று எழுதப் போகிறார் என்று பட்டது. ஜெரூஷா சொன்னது ஞாபகம் வந்தது. வாய் அதைவிட வேகமாக வந்தது.

“உள்ள ஒரு திமிங்கல எலும்புக்கூடு இருக்கு ஆரோன். வெள்ளிக்கிழமையானா அதைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. பாவம், அதுவும் கடல்ல பொறந்ததுதானே. அதான் லீவு.”

“அப்படியா” என்றார் ஆரோன். எழுதிக்கொண்டார். பிறகு, “நடத்தியா, வண்டியிலயா?” என்று கேட்டார்.

“கோடம்பாக்கம் வரைக்கும் நடந்ததா கேள்வி” என்றேன். கோடம்பாக்கம் எதிர்த் திசை என்று அப்புறம்தான் உறைத்தது.

அடுத்து பீச் ஸ்டேஷன். வெளியே வந்தால் எதிரே துறைமுகத்துச் சுவர். அந்தச் சுவர் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மேலே நாலு கிரேன் கழுத்தும் ஒரு புகைபோக்கியும் தெரிந்தன. கேட்டில் துப்பாக்கியோடு நின்ற காவலர் இந்தியில் ஏதோ கேட்டார். பாஸ் இருக்கிறதா என்றுதான் இருக்க வேண்டும். நான் இங்கிலீஷில் என் பெயரைச் சொன்னேன். தோல் கம்பெனி பெயரையும் சொன்னேன். அவர் கையை வெளிப்பக்கமாக நீட்டினார்.

“என்ன சொல்றார்?” என்றார் ஆரோன்.

“கப்பல் இப்பதான் சாப்பிட்டுப் படுத்திருக்காம். எழுப்ப வேணாம்கிறார். ரொம்ப மரியாதையான ஆளு.”

“உங்களை அவருக்குத் தெரியுமா அண்ணே?”

“தெரியாமலா? வேலை நேரத்துல காட்டிக்க மாட்டார்.”

நோட்டில் இரண்டு வரி ஏறியது. சாலையோரத்தில் ஒரு கரும்புச்சாறு குடித்தோம். ஆரோன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கோத்தகிரியிலயும் சுவர் இருக்கு” என்றார், தனக்குத்தானே.

பறக்கும் ரயில் பிடித்து லைட் ஹவுஸ் வந்தோம். இதற்காவது பூட்டு இல்லை. லிப்ட்டில் மேலே போனால் நல்ல காற்று. கீழே கடல் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். ஆரோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தார், நோட்டைக்கூட எடுக்கவில்லை. அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

“இது முதல்ல இங்க இல்ல ஆரோன்.”

“எது?”

“இந்த லைட் ஹவுஸ். நம்ம சேலையூர்ல இருந்தது. அப்பல்லாம் கடல் சேலையூர் வரைக்கும் வரும். அப்புறம் கடல் கொஞ்சம் கொஞ்சமா பின்வாங்கிச்சு. இதுவும் பின்னாலயே வந்தது. ராத்திரியில மட்டும்தான் நகரும், வெளிச்சம் வேணுமில்லையா. வேளச்சேரியில மட்டும் சேத்துல மாட்டி ரெண்டு வருஷம் நின்னுட்டுது.”

“அப்படியா.”

“அதோ பாருங்க, திருநீர்மலை. அதுல கப்பலைக் கட்டின வளையம் இன்னும் இருக்கு.”

பக்கத்தில் ஒரு பெண்ணோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இளைஞன் திரும்பினான். “சார், அது பரங்கிமலை. திருநீர்மலை இங்கிருந்து தெரியாது.”

“இன்னிக்குக் காத்து அதிகம் தம்பி” என்றேன். “கொஞ்சம் நகர்ந்திருக்கும்.”

அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். அந்தப் பெண் ஆரோனைப் பார்த்தாள். ஆரோன் எழுதிக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியதும் பக்கத்திலேயே நொச்சிக்குப்பத்து மீன் சந்தை. ஹில்டா மீன் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். வரிசையாக அமர்ந்திருந்தவர்களில் பெரிய மூக்குத்தியோடு ஒரு அம்மாள் சங்கரா மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் அவமானப்பட்டவனுக்கு, என்னைத் தெரியும் என்று சொல்ல ஒரு சாட்சியாவது வேண்டாமா? ஆரோன் காதில், “இவங்கதான் எனக்கு இருபது வருஷமா மீன் கொடுக்கிறாங்க. என்னைக் கண்டா தராசையே பார்க்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் போனேன்.

“என்னம்மா, சௌக்கியமா? பார்த்து நாளாச்சு.”

அந்த அம்மாள் நிமிர்ந்தார். என்னை மேலிருந்து கீழாகவும், பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

“யார் நைனா நீ? இந்த மூஞ்ச நான் பாத்ததே இல்லியே.”

“தாம்பரம் அசரியா.”

“தாம்பரத்துலேந்து இன்னாத்துக்கு இங்க வந்துகினு கீற? அங்க மீன் வண்டி வர்றதில்ல?”

ஆரோன் பணிவாகக் குறுக்கிட்டார். “முன்னாடி அங்கயே கடல் இருந்ததாம்மா. அண்ணன் சொன்னார்.”

“அப்டியா?” அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “அவ்ளோ பெரிய கடல இன்னா பண்ணீங்க நைனா? பிளாட் போட்டு வித்துட்டீங்களா?”

பக்கத்துக் கடைக்காரர் இருமுவது போலச் சிரித்தார். “அஞ்சம்மாக்கா, பெரியவர வுடு. வெயில்ல வந்துகீறாரு.”

“நான் இன்னா பண்ணேன்? கடல காணோம்னு கம்ப்ளெய்ன்ட் குடுக்க வந்தாரோன்னு கேட்டேன்” என்றார் அஞ்சம்மாள். மீனைச் சுத்தம் செய்து, பையில் போட்டு ஆரோனிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. “நீ பாக்க விவரமா கீற. இவர பத்ரமா வூட்ல சேத்துடு.”

ஆரோன் நோட்டை எடுத்து, அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் எங்கள் மடியில் மீன் பை. வாசனைக்கு எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மாலை நேரத்துத் தாம்பரம் வண்டியில் கால் நீட்டி உட்கார்ந்து போனவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். இதில் நான் விவரம் எதுவும் சேர்க்கவில்லை.

பல்லாவரம் தாண்டும்போது ஆரோன் கேட்டார். “அண்ணே, நீங்க இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம்?”

“நாற்பத்திரண்டு.”

“லைட் ஹவுஸ் மேல எத்தனை தடவை ஏறியிருக்கீங்க?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே உதவி எதுவும் வரவில்லை.

“இன்னிக்குத்தான்” என்றேன். “துறைமுகமும் இன்னிக்குத்தான். மூட்டையில பேரை அச்சடிச்சதோட சரி. நீங்க இங்கயே இருந்துடணும்னுதான் கொஞ்சம் விவரம் சேர்த்தேன்.”

ஆரோன் “அப்படியா” என்றுகூடச் சொல்லவில்லை. நோட்டில் எழுதினார், அதன்கீழ் இரண்டு கோடு போட்டார், பையில் வைத்தார். தாம்பரத்தில் நான் இறங்கினேன். அவர் வண்டி மாறி ஊரப்பாக்கம் போனார். பாதி மீனைச் சரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

சனிக்கிழமை ஜெரூஷா போன் செய்தாள். “பெரியப்பா, என்ன சொன்னீங்க அவர்கிட்ட? வந்ததுலேர்ந்து ரூமைச் சாத்திக்கிட்டு எழுதிட்டே இருக்கார். பெட்டியை வேற எடுத்து வெளிய வச்சிருக்கார்.”

அன்று நான் சாப்பிடவில்லை என்று சொல்ல ஆசைதான். சாப்பிட்டேன். சங்கரா வறுவல். ஆனால் ஹில்டா என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு முள் தொண்டையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆரோன் எங்கள் ஆலயத்துக்கே வந்தார். ஜெரூஷாவோடு முன்வரிசையில் எங்கள் பக்கத்தில் அமர்ந்தார். ஸ்தோத்திர காணிக்கை நேரம் வந்தது. ஆயர் இரண்டு பிறந்தநாளும் ஒரு கண்புரை ஆபரேஷனும் முடித்து, மூன்றாவது கவரை எடுத்தார். அதன் இரு பக்கமும் எழுதி, உள்ளே வேறு தாள் வைத்திருந்தது. ஆயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“கோத்தகிரி ஆரோன் அவர்கள் ஸ்தோத்திரம். சேலையூரிலிருந்து கடலைத் தேடிப்போன கலங்கரை விளக்கம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்காக.” ஆயர் நிறுத்தினார். நேராக என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ஹில்டா என்னைப் பார்த்தாள். ஆயர் தொடர்ந்தார். “சாப்பிட்டுத் தூங்கிய கப்பலுக்காக. தாம்பரத்துக் கடலைப் பற்றி விசாரித்த சகோதரி அஞ்சம்மாளுக்காக. கடற்கரை பார்த்துவிட்டுத் திரும்பிய திமிங்கலம், மாலை ரயிலில் எங்கள் எதிர் இருக்கையில் அமர்ந்து கிண்டி வரை வந்து, ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்ததற்காக.”

பின்வரிசையில் யாரோ குனிந்து செருப்பைத் தேடுவது போல் சிரித்தார்கள்.

“எண்பத்தாறிலிருந்து எண்பத்தெட்டு வரை இதே துறைமுகத்தில் நான் மாலுமியாக இருந்தபோது, அண்ணன் அசரியா அச்சடித்த தோல் மூட்டைமேல் ஏறி நடுக்கடலில் உயிர் தப்பியதற்காக. அந்த மூட்டையில் எழுத்து இன்றுவரை அழியாததற்காக.”

இங்கே எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜெரூஷா பக்கம் சாய்ந்து, “உங்க அப்பா கப்பல்ல இருந்தாரா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அப்பாவா? அவர் கடலையே முந்தாநாள்தான் பார்த்தார் பெரியப்பா. லைட் ஹவுஸ் மேலேர்ந்து.”

“கடைசியாக,” ஆயரின் குரல் கொஞ்சம் நடுங்கியது, அது பக்தி அல்ல, “திங்கட்கிழமை டிக்கெட்டை ரத்து செய்ததற்காகவும், இனி கேரம் போர்டில் அண்ணன் கோட்டைத் தாண்டி ஸ்ட்ரைக்கர் வைக்கும்போதெல்லாம் பொறுமை கிடைப்பதற்காகவும்.”

ஆயர் கண்ணை மூடி வேகமாக ஜெபித்தார். ஜெரூஷா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஹில்டா, நாற்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, நான் செய்யாத ஒன்றுக்காகச் சிரித்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே மரத்தடியில் ஆரோனைப் பிடித்தேன்.

“ஆலயத்துல இப்படிப் பொய் எழுதலாமா ஆரோன்?”

“பொய் இல்லண்ணே” என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். “விவரம் சேர்த்தேன்.”

“அப்ப வெளிய வச்ச பெட்டி?”

“காலிப் பெட்டி. பரண்மேல போடச் சொல்லி வச்சேன்.” நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினார். “வர்ற வெள்ளிக்கிழமை எங்க போறோம்?”

“மியூசியம்?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை பூட்டியிருக்குமே.”

“அதனாலதான்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.