நகைக்கடை வெளிச்சம்

அக்காவும் தங்கையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே ஈட்டு முட்டையில் பொரிந்த இரண்டு சிறுத்தைப் பல்லிகளை வாங்கினார்கள். மஞ்சள் உடம்பு, கரும்புள்ளி, கொழுத்த வால். சுவர்ப் பல்லியைப் போலில்லாமல் நம்மைப் போலவே இமை மூடித் திறக்கும். அடம்பிடித்து வாங்க வைத்தவள் அக்காவின் மகள். வாங்கிய பிறகு அந்த மகாராணி, பள்ளி விட்டதும் நேரே அடுத்த தெருவுக்குப் போய்ச் சித்தி வீட்டுப் பல்லியின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"இங்க இல்லாதது அங்க என்னடி இருக்கு?"

"சித்தி வீட்டுப் பல்லி பளபளன்னு இருக்கும்மா. நம்மளுது மங்கலா இருக்கு."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. இது இன்று நேற்று மூட்டிய நெருப்பில்லை. சின்ன வயதில் ஒரே துணியில் இருவருக்கும் சட்டை தைத்தாலும் தங்கைக்குத்தான் எடுப்பாக இருக்கும். சட்டை போனால் போகட்டும், பெற்ற பிள்ளையையுமா விட்டுக்கொடுப்பது?

நலம் விசாரிக்கிற சாக்கில் ஒருநாள் வேவு பார்க்கப் போனாள். கண்ணாடித் தொட்டியின் மேல் ஒரு விளக்கு எரிந்தது, அதன் கீழே பல்லி மினுங்கியது. அவ்வளவுதான் அவள் கண்ணில் பட்டது. மூடியில் பாதியை அட்டை வைத்துத் தங்கை மறைத்திருந்தது படவில்லை. பொறாமைக்காரிக்கு மினுக்கம் மட்டும்தான் தெரியும்.

'ஓ, விளக்கா சங்கதி!' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். விளக்கு விஷயத்தில் அவளிடம் யார் வாலாட்ட முடியும்? நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிகளை அலங்கரிப்பதுதான் அவள் வேலை. தங்கத்துக்கு மஞ்சள் விளக்கு, கல்லுக்கு வெள்ளை விளக்கு. கோணம் பார்த்துத் திருப்பினால் பித்தளைகூடத் தங்கமாக நடிக்கும். சரக்கை மறைக்கிற எதுவும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது என்பது கடையின் முதல் விதி.

தன் வீட்டுத் தொட்டியிலும் அந்த விதிப்படியே செய்தாள். மஞ்சளுக்கு இரண்டு விளக்கு, கரும்புள்ளி எடுப்பாகத் தெரிய வெள்ளையில் ஒன்று. பல்லி ஒளிந்துகொள்கிற மண்சட்டியை வெளியே எடுத்துப் போட்டாள்.

மகள் வாயைப் பிளந்தாள். "அம்மா! தங்கப் பல்லி!"

அன்று அவள் சித்தி வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் வாடிக்கையாளர் இல்லாதபோதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் பல்லி ஒரு மூலைக்குப் போய் முகத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டது. வைத்த புழு வைத்தபடியே நெளிந்தது. சரக்கு மூலைக்குப் போனால் விளக்கையும் மூலைக்குத் திருப்புவதுதானே தொழில்? அவளும் திருப்பினாள்.

"கண்ணையே தொறக்க மாட்டேங்குதும்மா."

"தூங்குதுடி."

"தூங்கினா இப்படியா மூஞ்சிய அழுத்திக்கும்?"

மகள் தன் பரீட்சை அட்டையைத் தொட்டியின் மேல் பிடித்தாள். கண்ணைத் திறக்காமலே பல்லி தடவித் தடவி அந்த நிழலுக்குள் வந்து படுத்தது. வால் சூம்பியிருந்தது. மகள் அட்டையைக் கீழே வைக்க மறுத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"சித்திய கூப்பிடும்மா!"

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டால் பூனைக்குத்தான் வலிக்கும். இவள் போட்ட சூடோ ஒரு வாயில்லாத ஜீவனுக்கு. அக்காவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. போனை எடுத்து நடந்ததைச் சொன்னாள். தங்கை குத்திக்காட்டுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஐயோ அக்கா, அது பொழுது சாய்ஞ்சா வெளிய வர்ற ஜீவன். அவ்வளவு வெளிச்சம் கண்ணு தாங்காது. எல்லாத்தையும் அணைச்சிட்டுச் சட்டிய உள்ள வை. நாளையிலேருந்து சின்னதா ஒண்ணு, ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பக்கம் இருட்டா இருக்கட்டும். அப்பவும் தொறக்கலேன்னா டாக்டர்கிட்ட போயிடலாம், நான் கூட வர்றேன். நீ கவலப்படாத."

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த நல்ல குணம்தான் தாங்க முடியவில்லை.

விளக்குகளை அணைத்துச் சட்டியை உள்ளே வைத்தாள். ஜன்னல் வழியே வந்த சாயங்கால வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அதில் எதுவும் சரியாகத் தெரியாததால் தாயும் மகளும் கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். மகளின் கன்னம் அவள் கன்னத்தில் பட்டது. விளக்குகள் பிரகாசமாக எரிந்தபோது மகள் எட்ட நின்றல்லவா பார்த்தாள் என்று அவளுக்கு உறைத்தது.

வெகுநேரம் கழித்துச் சட்டிக்குள்ளிருந்து தலை நீண்டது. ஓர் இமை பிரிந்தது. பிறகு மற்றொன்று. நாக்கை நீட்டிக் கண்ணை நக்கிக்கொண்டு, மங்கல் நிறத்தில், அது அவர்களைப் பார்த்தது.

"பாக்குதும்மா, நம்மளப் பாக்குது!" மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சித்திக்கு போன் பண்ணிச் சொல்லு. பாவம், கவலையா இருப்பாங்க."

போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"நாளைக்குச் சொல்லலாம்," என்றாள் அக்கா. இந்த ஒரு சாயங்காலத்தைத் தங்கைக்குப் பங்கு கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.