இரண்டாவது ஹாரன்

வேனைக் கிளப்புவதற்கு முன்னால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொள்வது அவனுடைய இருபது வருடப் பழக்கம். வேண்டுதலும் மாறாத ஒன்றுதான்: "கடவுளே, என் சக்கரத்துக்கு அடியில ஒரு உயிரும் போயிடக் கூடாது." ஓணான் குறுக்கே ஓடினால்கூட பிரேக்கை மிதிக்கிற ஆள்.

அப்படிப்பட்டவனுக்கு மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் 'ஹாரன்'.

காரணம் இருந்தது. கடலோரச் சாலையில் சுற்றுலாக்காரர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் இறக்கிவிடுவது அவன் தொழில். வழியில் பாறை வளைவு ஒன்று உண்டு. அதற்குக் கீழே மணல்திட்டு. வருடத்தில் இரண்டு மாதம் அங்கே ஆலா என்னும் கடற்பறவைகள் உப்பைக் கொட்டிப் பரப்பியது போல வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும். வளைவில் நிறுத்தி ஹாரனை நீட்டி அழுத்தினால் போதும், அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பும். வேனுக்குள் கைதட்டல் பறக்கும். நாலு வருடத்துக்கு முன் தற்செயலாகக் கண்டுபிடித்த வித்தை. மறைத்து வைக்காமல் கூட இருந்த டிரைவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான்.

இன்று வேனில் மனைவியோடு சொந்தக்காரர்கள். மனைவியின் அண்ணனும் அண்ணியும் முதல் தடவையாக அவன் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். பெண் பேசி முடித்த அன்று, "கடைசியில ஒரு டிரைவருக்கா குடுக்கிறோம்?" என்று மச்சான் கேட்டது அவன் காதில் விழுந்திருந்தது. பதினோரு வருடமாகியும் அந்த முள் உள்ளேதான் கிடந்தது. இன்றைக்காவது அந்த வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும்.

காலையில் ஆரம்பமே சரியில்லை. டால்பின் பார்க்கிற மேட்டில் முக்கால் மணி நேரம் நின்றும் ஒரு வால்கூடத் தெரியவில்லை.

"டால்பினுக்கெல்லாம் இன்னைக்கு லீவு போல," என்றார் மச்சான்.

"அண்ணா, சும்மா இரு," என்று அதட்டினாள் மனைவி. அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

உச்சி வெயிலில் பாறை வளைவுக்கு வந்தார்கள். அவன் ஹாரனை அழுத்தினான். திட்டே பெயர்ந்து வானத்துக்குப் போனது போல இருந்தது.

"ஐயையோ, வீடியோ ஆன் ஆகலையே!" மச்சான் போனைத் தட்டினார். "மாப்பிள்ளை, இன்னொரு தடவை!"

பறவைகள் அப்போதுதான் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தன. அவன் கை ஒரு நொடி தயங்கியது. மச்சான் வாய்விட்டு ஒன்று கேட்டு இல்லை என்பதா? மறுபடியும் அழுத்தினான், முதல் தடவையை விட நீளமாக.

"பெரிய ஆளுய்யா நீ!" மச்சான் அவன் தோளில் தட்டினார். முள் கழன்று விழுந்தது.

வளைவைத் தாண்டினால் டீக்கடை அக்காவின் கடை. தனியாள், தண்ணீர் வசதியும் கிடையாது. வருகிற போதெல்லாம் அவன்தான் இரண்டு கேன் குடிதண்ணீர் கொண்டுவந்து வைப்பான், காசு வாங்க மாட்டான். இந்த வருடம் இரண்டு மாதமாக அவன் வரும் நேரத்தில் அக்கா கடையில் இருப்பதேயில்லை. அவனுக்கென்று பெஞ்சில் ஒரு பிளாஸ்க் டீ மட்டும் இருக்கும். குளிக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வான்.

இன்றும் கடை காலி. பிளாஸ்க் இருந்தது. அண்ணிக்குச் சிப்பி பொறுக்க ஆசை வந்ததால் நான்கு பேரும் கடைக்குப் பின்பக்கச் சரிவில் இறங்கினார்கள்.

கீழே, மணல்திட்டைச் சுற்றிக் கந்தல் துணி கட்டிய கயிற்றுக்கு வெளியே, அக்கா ஓடிக்கொண்டிருந்தாள். கையில் ஈரத்துண்டு. காகங்கள் இந்தப் பக்கம் இறங்கினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம். முகம் வெந்துபோயிருந்தது.

"வந்துட்டியா தம்பி? நல்லவேளை!" என்றாள் மூச்சு வாங்க. "எவனோ ஒரு புண்ணியவான் மேல நின்னு ஹாரன் அடிக்கிறான். பாறை மறைக்குது, ஆளு தெரியல. தாய்ங்க பறந்துட்டா மணல்ல முட்டையெல்லாம் வெயில்ல வெந்துரும். பாக்கியைக் காக்கா தின்னுரும். இன்னைக்கு இறங்க இறங்க ரெண்டாவது தடவையும் அடிச்சிட்டான், படுபாவி. நீ சொன்னா டிரைவருங்க கேப்பாங்க தம்பி. கொஞ்சம் சொல்லேன்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன. மணல் நிறத்தில் புள்ளி புள்ளியாக. மஞ்சள்கரு இன்னும் காயவில்லை.

அவன் மனைவி அவனைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. சரி என்று தலையாட்டினால் போதும். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். வரும்போது வாங்கிய பெரிய ஆள் பட்டமும் அப்படியே இருக்கும். சக்கரத்துக்கு அடியில்தானே வேண்டாம் என்று கேட்டேன், என்று அவன் மனம் ஒரு கணம் கடவுளிடமே வழக்காடிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது.

"நான்தான்க்கா," என்றான்.

"என்னது?"

"ஹாரன் அடிச்சது. நாலு வருஷமா நான்தான். மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்ததும் நான்தான்."

அக்காவின் கையிலிருந்த துண்டு தொங்கியது. "ரெண்டாவது தடவையும் நீதானா?"

"நான்தான்."

"நான் சொல்லித்தான் அடிச்சாரு," என்றார் மச்சான். அவர் அவனை மரியாதையாக 'ர்' போட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

அக்கா திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு காகங்கள் இறங்கின. அவள் துண்டை அவன் கையில் திணித்தாள்.

"அந்த ஓரத்தைப் பாரு. கயித்தைத் தாண்டாதே, முட்டை கண்ணுக்குத் தெரியாது, மிதிச்சிருவே."

மச்சான் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு மறுபக்கம் ஓடினார். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கி அடங்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. சில தாய்கள் உட்காராமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தன.

மேலே வந்ததும் அவன் பிளாஸ்க்கைத் தொடவில்லை.

"குடிச்சிட்டுப் போ," என்றாள் அக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல். "உனக்குன்னு போட்டது."

குடித்தான். சூடு குறையவேயில்லை.

திரும்பும்போது வளைவைத் தாண்டியதுமே எதிரே ஒரு வேன் வந்தது. தெரிந்த டிரைவர்தான். அவனைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்துவிட்டு, வளைவை நோக்கி வேகத்தைக் குறைத்தான். வண்டி நிறைய ஆட்கள் ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அவன் நடுரோட்டில் பிரேக் போட்டு இறங்கினான்.

"என்னங்க, அத்தனை பேர் முன்னாடியுமா சொல்லப்போறீங்க?" என்றாள் மனைவி மெதுவாக.

"ஆமா," என்றான் அவன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே அந்த வேனை நோக்கி ஓடினான்.