இடுப்பளவு எழுதாத தாள்

ஆயத்த ஆடை ஆலையில் பதினோரு வருஷமாக செக்கிங் மேசையில் நிற்பவள் அம்மா. கால் அங்குலம் பிசகினாலும் பீஸ் திரும்பிப் போகும். தையல்காரிகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘கழுகு’. அந்தக் கழுகுதான் சொந்த மகளின் இடுப்பில் ஏமாந்தது.

சீருடைக் கவுன் இடுப்பில் பிடிக்கிறது என்று மகள் சொன்னபோது டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு அங்குலம் கூடியிருந்தது. போட்ட சோறு இப்போதுதான் பிள்ளையின் உடம்பில் ஒட்டுகிறது என்று மறுநாள் ஆலையில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். தோளை அளக்கவில்லை. ஆள் பெருத்தால் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் சேர்ந்து ஏறும். ஒன்று மட்டும் ஏறினால் கோளாறு. புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவளே முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது. ஆறு வாரம் கழித்துத் தோளையும் அளந்தாள். இடுப்பு மட்டும் இன்னும் ஏறியிருந்தது, தோள் அசையவில்லை; அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மகளுக்குப் பதினேழு. ஆலையில் ஷிஃப்ட் குறைந்து பாதிச் சம்பளமானதிலிருந்து, வயதைக் கூட்டிப்போட்ட அட்டையோடு விடுமுறை நாட்களில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வேலைக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டியவன் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்தான். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் வேனை விட்டான், ஊரையும் விட்டான். சுகாதார நிலையத்து நர்ஸ் கருத்தடை விஷயமெல்லாம் பேசுவது கல்யாணமானவர்களிடம் மட்டும். அவர்கள் குடியிருந்த வரிசையில் பதினான்கு வீடுகள். ஐந்து பெண்கள் பதினெட்டுக்கு முன்பே தாயானவர்கள், அம்மாவையும் சேர்த்து. ஐவரில் ஒருத்திகூடப் பள்ளி இறுதித் தேர்வு எழுதியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரி யோசனை சொன்னாள். “யாராவது ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடு அக்கா. ஊர் வாய் மூடிடும்.”

“ஊர் வாய மூட நான் என்ன மூடி விக்கறவளா? அவ பரீட்சை எழுதட்டும்.”

பள்ளிக்குப் போய்க் கேட்டபோது தலைமையாசிரியை நேராக மறுக்கவில்லை. பழைய கவுன் இனிச் சேராது, சீருடை இல்லாமல் தேர்வு அறைக்குள் விட விதி இடம் தராது, அடுத்த வருஷம் எழுதலாமே என்று தன்மையாகத்தான் சொன்னார். கைக்குழந்தையோடு அடுத்த வருஷம் யாரும் வந்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும். அம்மா அந்த விதியை எழுத்தில் கேட்டாள். அளவுத் தாள் இல்லாமல் அவள் மேசையில் ஒரு பீஸையும் ஒதுக்குவது கிடையாது. தலைமையாசிரியை எடுத்துக் கொடுத்த ஒற்றைத் தாளை வெளியே நின்று இரண்டு தடவை படித்தாள். கரு நீலம். காலர் இரண்டு அங்குலம். முன்னால் ஆறு மடிப்பு. நீளம் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு சாயங்காலங்களில் தைத்து முடித்தாள். மடிப்புகளை மார்புக்குக் கீழேயே தொடங்கி வயிற்றின் மேல் தாராளமாக இறங்கவிட்டாள்.

கணக்குத் தேர்வன்று ஏழு மாத வயிற்றோடு மகள் வாசலுக்கு வந்தபோது தலைமையாசிரியை குறுக்கே நின்றார். அம்மா தாளையும் டேப்பையும் நீட்டினாள். அவர் டேப்பை வாங்கவில்லை. மடிப்புகளை மட்டும் எண்ணினார். காலரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“யார் தச்சது?”

“நான்தான் மேடம். எங்க மேசையிலயே இத திருப்பி அனுப்ப முடியாது.”

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு விலகி நின்று மகளிடம் சொன்னார்: “முன் பெஞ்சுல உக்காரும்மா. பின்னால இடம் நெருக்கம்.”

அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. மற்றப் பெற்றோர்களோடு ஜன்னலுக்கு நேராகச் சுவரோரம் நின்றாள். மகள் இரண்டு முறை கையைத் தூக்கிக் கூடுதல் தாள் வாங்கினாள். இரண்டாவது முறை, இன்னும் முதல் தாளையே நிரப்பாத பையனின் தாய் ஒருத்தி, அது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தாள்.

“எம் பொண்ணு,” என்றாள் அம்மா, சுவரோரம் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.