பின்சீட்டுப் புகை

மாதனூரைத் தாண்டியதுமே பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த இன்பராஜ் பார்த்துவிட்டான். தூறல் மழைக்கு நடுவே, தொலைவில் சாலையோரம் ஒரு ஜீப். அதன் முன்னால் மடக்கி நிறுத்தப்பட்ட இரண்டு லாரிகள். பிரேக் இன்ஸ்பெக்டரின் வாகனச் சோதனைதான்.

பஸ் நிறைய ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள். வண்டி கம்பெனியுடையது அல்ல, சுப்பராயன் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கும் பழைய வண்டி. என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. மேடு ஏறினால் பின்னால் வருகிறவனுக்குச் சாலையே தெரியாது, அத்தனை கறுப்பாகக் கக்கும். வாணியம்பாடி மெக்கானிக் முஜாஹித் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சைலன்சர் குழாயிலும் விரிசல் என்றார். "இத வெச்சி ஓட்டாதப்பா. புகை வெளிய போறதவிட உள்ள வர்றது ஜாஸ்தியாயிடும்."

அதைச் சொன்னபோது சுப்பராயன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வண்டி ஓடுதில்ல? ஓட்டு. புகை சர்டிபிகேட் நான் வாங்கியாந்துட்டேன்." வண்டியைக் காட்டாமலே வாங்கிய சர்டிபிகேட் அது.

அபராதத்தை முதலாளி எப்படியோ கட்டிக்கொள்வார். ஆனால் ஓட்டுகிறவனின் லைசன்ஸையும் மூன்று மாதம் முடக்கிவிடுவார்கள். வீட்டில் மனைவி கிறிஸ்டினா நிறைமாதமாக இருந்தாள்.

இடப்பக்கம் ஊருக்குள் பிரியும் சாலையில் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தான்.

"இன்னாண்ணா, இந்தப் பக்கம் போற?" முன் சீட்டிலிருந்து ஜெயம்மாள் கேட்டாள்.

"அங்க ஜாம்மா. இப்டியே சுத்திப் போய்டலாம்."

தென்னந்தோப்புகளுக்கு நடுவே குண்டும் குழியுமான சாலை. சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களை எல்லாம் மூடியிருந்தார்கள். ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறியபோது அடியில் ஏதோ அறுந்து இடித்தது. கொஞ்ச நேரத்தில் நெடி மூக்கில் ஏறியது. பெண்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்தினார்கள். "கண்ணு எரியுதுண்ணா" என்று யாரோ சொன்னார்கள். இதோ, ஏரிக்கரை மேட்டைக் கடந்தால் மறுபடி நெடுஞ்சாலை என்று அவன் ஆக்சிலரேட்டரை அழுத்தினான். என்ஜின் இருமியது, முனகியது.

"ஐயோ, நிறுத்து! சோபனாவுக்கு மூச்சு வர்ல!"

சோபனாவுக்கு வீசிங் உண்டு என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். கடைசி சீட்டில் ஜன்னலோரம் சாய்ந்து கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வரப்பில் உட்கார வைத்தார்கள். நெஞ்சுக்கூடு தூக்கித் தூக்கிப் போட்டது, உதடு நீலம் பாரித்திருந்தது. ஜெயம்மாள் 108-க்குப் பேசினாள். "எந்த எடம், எந்த எடம்னே கேக்கறாங்க. இந்த எடத்த இன்னான்னு சொல்றது?"

மறுபடி அந்தப் பஸ்ஸுக்குள் அவளை எப்படி ஏற்றுவது? அவ்வழியே கேனோடு வந்த பால்காரரின் மொபெட்டை இன்பராஜ் மறித்தான். "அண்ணே, மெயின் ரோட்டுல ஜீப் நிக்கற எடத்துக்கு விடு. உயிர் போற விஷயம்."

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மழைக்கோட்டோடு லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். இன்பராஜ் அவர் முன்னால் போய் நின்றான்.

"மேடம், கம்பெனி பஸ்ஸுல புகை உள்ள பூந்து ஒரு பொண்ணு மயங்கிட்டா. உங்க ஜீப்பு வேணும்."

"பஸ் எங்க?"

"ஏரிக்கர பக்கம். உங்களப் பாத்துட்டுதான் உள்ள திருப்புனேன்."

அவர் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "ஏறு" என்றார்.

ஏரிக்கரைக்கு வந்து, சோபனாவையும் ஜெயம்மாளையும் ஏற்றிக்கொண்டு ஜீப் ஆம்பூருக்குப் பறந்தது. இன்ஸ்பெக்டர் பஸ்ஸருகிலேயே நின்று, குனிந்து, அடியில் தொங்கிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார். அப்போது இன்பராஜின் போன் அடித்தது. யாரோ அதற்குள் சுப்பராயனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"இப்பதான் பள்ளத்துல இறங்கி உடஞ்சுதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் வாயத் தொறக்காத. உன்ன நான் பாத்துக்கறேன்."

அது பொய்யும் இல்லை, இப்போதுதான் உடைந்தது. அப்படியே சொல்லிவிடலாம். மழையில் நனைந்தபடி பெண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் மூக்குத் துவாரத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

"இல்ல சார்" என்றான் இன்பராஜ் போனில், இன்ஸ்பெக்டருக்கும் கேட்கும்படி. "ரொம்ப நாளா இப்டித்தான். உங்ககிட்ட சொன்னேன், நீங்க கேக்கல. தெரிஞ்சேதான் நானும் ஓட்டினேன்."

எதிர்முனையில் வசவு தொடங்கியது. அவன் போனை அணைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து லைசன்ஸை எடுத்து நீட்டினான். பஸ்ஸைப் பறிமுதல் செய்தார்கள். சுப்பராயன்மேல் வழக்கு எழுதினார்கள், அவன்மேலும்தான்.

மதியத்துக்குமேல் ஆஸ்பத்திரிக்குப் போனான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சோபனா கண் திறந்து படுத்திருந்தாள். "கம்பெனிக்கு லீவு சொல்லிட்டீங்களான்னு கேக்கறா, பாரேன்" என்று ஜெயம்மாள் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள்.

சோபனாவின் அம்மா எல்லம்மா கட்டில் ஓரத்தில் இருந்தாள். "தெரிஞ்சேதான் எம் பொண்ண ஏத்திக்கினு போனியா?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. மகளின் பாதத்தைத் தேய்த்துவிடத் திரும்பிக்கொண்டாள். இன்பராஜ் கதவோரம் நின்றுகொண்டே இருந்தான்.