பூமிகா கடையில் போட்ட லேமினேஷன்

ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் தபால்தலைக் கண்காட்சி. அதில் வைப்பதற்காக என் கணவர் ஆசீர்வாதம் பதினொரு மலைகளை ஓர் அட்டையில் அடுக்கியிருந்தார். கஞ்சன்ஜங்கா, ஃபூஜி, கிளிமஞ்சாரோ... ஒன்றையும் அவர் நேரில் பார்த்ததில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நாளெல்லாம் உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து, குளித்து, சின்ன இடுக்கியால் அந்தப் பனிமலைகளை எடுத்துப் பார்ப்பார். நான் கிட்டே போனால், "ஜெபா, கை ஈரமா கீது, தொடாத" என்பார். பன்னிரண்டு வருடமாக என் கை ஈரமாகவே இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. போன வருடம் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. அதிலிருந்து ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்றிதழ் எதுவானாலும் லேமினேஷன் போட்டுவிடுகிறோம். தபால்தலை அட்டையை எடுத்துக்கொண்டு பூமிகாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"யக்கா, சூட்டுல ஒட்டிக்கும். அப்பால பிரிக்க முடியாது. அண்ணன கேட்டியா?"

"கேட்டுக்கினுதான் வந்தேன். போடு."

கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இத அங்க வைக்க வுட மாட்டாங்க ஜெபா. ஸ்டாம்பு கெட்டுப்போச்சுன்னுவாங்க." அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி வந்துடும்னு பயந்துட்ட. தெரியாமதான செஞ்ச. வுடு" என்றார்.

அதை அப்படியே வாங்கிக்கொண்டு சோறு போடப் போயிருக்கலாம்.

"தெரியும்," என்றேன். "பூமிகா சொன்னா. உங்கள கேட்டேன்னு பொய் சொல்லித்தான் போட்டேன்."

"ஏன்?"

மழை என்றுதான் வாய்வரை வந்தது.

"ஒருதபா நானும் தொட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு."

அவர் இடுக்கியை எடுத்து அதன் டப்பாவில் வைத்து மூடினார். அட்டையை என் பக்கம் தள்ளினார். கிளிமஞ்சாரோவின் மேல் காற்று மாட்டிக்கொண்டு ஒரு சின்னக் கொப்புளம். அரிசி களைந்த கையோடு அதை அழுத்தினேன். போகவில்லை. நகர்ந்து ஓரமாக நின்றது.

"ஞாயித்துக்கெழம கேட்டா இன்னான்னு சொல்றது?"

"பொண்டாட்டி பண்ட்டான்னு சொல்லுங்க."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவர் சிரிக்கவில்லை. என் கை ஈரம் என்றும் சொல்லவில்லை.