முப்பத்தைந்தாவது கிலோமீற்றரில் ஒரு மேசை

போன வருடம் நான் பந்தயத்தில் தோற்றதற்குக் காரணம் ஒரு மட்டன் றோல்ஸ். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொன்றியலில், லாசால் தமிழ் ஸ்கீ கழகத்தில் நாங்கள் ஏழு பேர். பேருந்து ஓட்டுகிற ரதீசன்தான் தொடங்கினான். யாரோ கழித்துவிட்ட பழைய ஸ்கீகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "குளிரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குள்ள இருந்து என்னத்தைக் கண்டனியள், வாங்கோ அக்கா" என்று கால்வாய்க் கரைக்கு இழுத்துப் போனான். எனக்கு அப்போது ஐம்பது வயது. கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிற வேலை. அந்த இரண்டு மெல்லிய பலகைகளில் ஏறி நின்ற முதல் நாளே பதினொரு தடவை விழுந்தேன். பதினோராவது தடவை எழும்பியபோது எனக்கு இது பிடித்துப்போயிற்று.

ஒவ்வொரு மாசியிலும் மொன்றியல் தீவின் மேற்குப் பக்கக் காடுகளுக்குள் ஒரு நெடுந்தூரப் பந்தயம் நடக்கும். வளைந்து வளைந்து நாற்பத்திரண்டு கிலோமீற்றர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு மைதானத்தில் முடியும். அதில் கடிகாரக் கெடு கிடையாது. எல்லோரும் புறப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் புறப்படுவார். ஒரே வேகத்தில், எங்கேயும் நிற்காமல் வருவார். அவர் பிடித்துவிட்டால் நெஞ்சில் கட்டிய இலக்கத் துணியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பனிவண்டியில் ஏற வேண்டியதுதான். அவர் பெயர் ரெஜான். எங்கள் கழகத்தில் அவருக்குப் பெயர் எமன்.

போன வருடம் முப்பத்தைந்தாவது கிலோமீற்றரில், பாதை தெருவைக் கடக்கிற இடத்தில், என் கணவர் தியாகலிங்கம் மேசை போட்டு நின்றார். "ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போம்" என்றார். நானும் நின்றேன். ஒரு றோல்ஸ், ஒரு பிளேன் ரீ, பிறகு ரொறன்ரோவில் இருக்கிற அவருடைய தங்கைக்கு அனுப்ப ஒரு படம். நாற்பத்தோராவது கிலோமீற்றரில் எமன் என் தோளில் கைவைத்தார். இன்னும் ஒரேயொரு கிலோமீற்றர்தான் இருந்தது! மற்ற ஆறு பேரும் முடித்துவிட்டு நிற்க, நான் கம்பளிக்குள் பொட்டலமாய்ச் சுற்றப்பட்டுப் பனிவண்டியில் வந்து இறங்கினேன். நான் இறங்கிய அந்தக் கோலமும் படமாகி ரொறன்ரோ போய், யாழ்ப்பாணம் வரைக்கும் போயிற்று. கோயிலில் கண்டவர்கள் இன்னமும் "சவாரி எப்பிடி?" என்று கேட்கிறார்கள்.

என் கணவர் கெட்ட மனிதர் இல்லை. வாசலுக்கு வந்த யாரையும் சாப்பிடாமல் விடமாட்டார், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர், வீடு மாறி மணி அடித்தவர், எல்லோரும் எங்கள் குசினியில் இருந்து சாப்பிட்டு எழும்பியவர்கள். பார்சல் கொண்டுவந்த மனிதர் ஒருவர் புட்டும் கறியும் சாப்பிட்டு முடித்து மணியைப் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். ஆனபடியால் இந்த வருடம் நான் முன்கூட்டியே சட்டம் போட்டேன்.

"இஞ்சாருங்கோ, இந்த முறை அந்தப் பக்கம் தலைகாட்டப்படாது. விளங்குதோ?"

"ஓம்."

"மேசை, றோல்ஸ், தேத்தண்ணி, ஒண்டும் வேண்டாம். நான் இந்த முறை என்ர காலிலதான் வந்து முடிக்கோணும்."

"ஓம் எண்டு சொல்லிட்டனெல்லே."

இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்த எனக்கு அந்த ஓமின் பெறுமதி தெரிந்திருக்க வேண்டும்.

பந்தயத்தன்று குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தொரு பாகை. என் இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு. ரதீசன் என் ஸ்கீயின் அடியில் மெழுகு தேய்த்துக்கொண்டே, "அக்கா, ஆரோடையும் கதைக்காதேங்கோ. தள்ளிக்கொண்டே இருங்கோ" என்றான். தள்ளுகிறதுதானே எனக்குத் தொழில். முதல் இருபது கிலோமீற்றரும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணிமையில் பனி கட்டியது, மூக்கு இருக்கிறதோ தெரியவில்லை, வெயில் மட்டும் பளீரென்று எறித்தது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மற்றவர்களைத் தள்ளுகிற நான் அன்று என்னை நானே தள்ளிக்கொண்டு போனேன்.

முப்பதுக்குப் பிறகு தொடை எரியத் தொடங்கியது. முப்பத்திநாலில் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் மரங்களுக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. இன்னும் பலமாகத் தள்ளினேன்.

அடுத்த வளைவில் மேசை! சுடுதண்ணிப் போத்தல், தகரப் பெட்டி, போதாததற்கு இந்த முறை ஒரு கதிரையும். காதை மூடிய தொப்பியோடு அவர் கோப்பையை நீட்டினார்.

"சிவாஜினி! ஒரு வாய் தேத்தண்ணி எண்டாலும்..."

"என்னோட கதையாதேங்கோ! எமன் பின்னால வாறான்!"

"ஆர்?"

நான் நிற்கவில்லை. அரைக் கிலோமீற்றருக்கு வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். காது இருந்திருந்தால் மரங்கள் பொத்திக்கொண்டிருக்கும். பிறகுதான் ஆவி பறக்க நீட்டின அந்தக் கை நினைவுக்கு வந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் மிச்சத் திட்டுகளை முடிவிடத்தில் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்பதில் இறக்கம். வளைவில் விழுந்தேன். ஒரு ஸ்கீ சப்பாத்திலிருந்து கழன்று பள்ளத்துக்குள் போய்விட்டது. தவழ்ந்துபோய் எடுத்தேன். விரல் மரத்து, பூட்ட முடியவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும், பத்து நிமிடமும் போயிருக்கும். முடிந்தது கதை, இனிப் பனிவண்டிதான் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். பாதை வெள்ளையாக, வெறுமையாகக் கிடந்தது. எமனைக் காணவில்லை.

எப்படியோ பூட்டி எழும்பினேன். நாற்பத்தொன்றில், போன வருடம் கை விழுந்த அதே இடத்தில், தோள் தானாகக் கூசியது. ஒரு கையும் விழவில்லை. கடைசித் திருப்பத்தில் எங்கள் ஆறு பேரும் சட்டி மூடியால் தாளம் போட்டுக் கத்தியது கேட்டது. கோட்டைத் தாண்டினேன். ரதீசன் பனியில் குதித்து ஆடினான். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பந்தயம் நடத்துகிறவர்களுக்கோ பதற்றம். ரெஜான் எங்கே? பத்தொன்பது வருடத்தில் பிந்தியதே இல்லையாம். தேடப் பனிவண்டியை அனுப்பப் போன நேரம், நான் முடித்து அரை மணித்தியாலம் கழித்து, அவர் ஆறுதலாக வந்தார். நேரே என்னிடம் வந்து இலக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"வளைவில் ஒரு மனிதர் கோப்பையோடு நின்றார், மதாம். 'பொன்ஜூர்' என்றார். பிறகு கதிரையைக் காட்டி 'மாஞ்ஜே, மாஞ்ஜே' என்றார். எழும்ப எழும்ப இருத்தினார். என்னைக் கண்டால் எல்லோரும் ஓடத்தான் பார்ப்பார்கள். இருந்து சாப்பிடு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்."

இலக்கத் துணியைக் கையால் பொத்திக்கொண்டேன். "அப்போது நான் முடித்தது செல்லுமா?"

"எனக்கு முன்னால் வந்தவர் முடித்தவர். விதி அவ்வளவுதான். நான் சாப்பிடக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை."

அதற்குள் எங்கள் கார் வந்து நின்றது. என் கணவர் சுடுதண்ணிப் போத்தலை அணைத்துக்கொண்டு, பேச்சு வாங்குகிற முகத்தோடு இறங்கினார்.

"நீங்கள் வேணுமெண்டே அவரை மறிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு மறிக்கிறது? மனிசன் குளிருக்குள்ள களைச்சு விழுந்து வந்தவர். சாப்பிடாமல் விட மனம் வருமே? ஏன், அவர் ஆர்?"

அவருக்குத் தெரியவே தெரியாது! ஏழு கிலோமீற்றராகச் சேர்த்து வைத்த திட்டு எங்கே போனதோ தெரியவில்லை. அவர் கண் என் நெஞ்சில் இருந்த இலக்கத் துணியில் நின்றது.

"அப்ப... நீர் முடிச்சிட்டீரோ?" என்றார்.

"ஓம்," என்றேன். "பசிக்குது. றோல்ஸைத் தாங்கோ."

அவர் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எல்லாம் அவருக்குக் குடுத்திட்டனப்பா."

ரெஜானுக்கு எங்கள் தமிழ் விளங்கியிருக்காது. வெறும் பெட்டி விளங்கியது. சட்டைப் பைக்குள் கைவிட்டு, வழிக்கென்று சுற்றிக் கொடுத்திருந்த கடைசி றோல்ஸை எடுத்து என்னிடம் நீட்டினார். அது கல்லுப் போல உறைந்திருந்தது. பாதியை என் கணவருக்கு உடைத்துக் கொடுத்துவிட்டு, எமனுக்குப் பக்கத்தில் நின்று, மற்றப் பாதியை ஆறுதலாகச் சாப்பிட்டேன்.