ஏழாம் நம்பர் மலையில் முப்பத்தெட்டு ஜெயந்தினி

போன ஆனி மாதம் பதினோரு நாள் ஜெயந்தினி ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தாள். அதே காலையில், ஒரு மைல் கீழே, மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில், காய்ச்சலில் கிடந்த ஒன்றரை வயது மகள் தனுஷிகாவை மடியில் வைத்திருந்தாள். மூடுபனி இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. யாராவது முகத்துக்கு நேரே உற்றுப் பார்த்துவிட்டால் பார்த்த இடத்தில் தங்கிவிடுவாள், மற்ற இடம் காலி. முதல் நாள் பனி விலகி, கங்காணி முத்துலிங்கம் மலையில் அவளைப் பார்த்துத் தொலைத்தார். கீழே பிள்ளை வெறுந்தரையில் கிடந்து மூச்சடைக்க அழுதது. பாவி மனுஷன், வேண்டுமென்றா செய்தார்? அதற்குப் பிறகு தரையைப் பார்த்தே நடந்தார்.

விஷயம் எப்படியோ பல்கலைக்கழகத்துக்குப் போய், ஷாமிலா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் கேமராவோடு வந்து இறங்கினாள். ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருக்குமாம். ஆனால் கண்ணுக்கே தெரியாத துகளில்தான் இதுவரை காட்டியிருக்கிறார்களாம். நாற்பத்தேழு கிலோ ஆளில் யாரும் பார்த்ததில்லை. படமெடுக்கத் தோட்டத்தை நடத்தும் துரையும் தலையாட்டிவிட்டார். ஜெயந்தினி ஷாமிலாவிடம் கெஞ்சினாள்.

“பாத்தீங்கன்னா ஒண்ணு போயிரும் மிஸ். புள்ளகிட்ட இருக்கிறது போயிட்டா நான் என்னங்க செய்வேன்?”

“ஒரே ஒரு படந்தான் அக்கா,” என்றாள் ஷாமிலா.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் மலையில் கேமராவோடு நின்றாள். பனியில் தலைத்துண்டுகள்தான் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. ஜெயந்தினியின் பெயரைக் கூப்பிடும்படி கங்காணியிடம் சொன்னாள். பனிக்காலத்தில் அங்கே ஆள் எண்ணுவது குரலை வைத்துத்தான்; பெயரைச் சொன்னால் அவரவர் தேயிலை நிரையிலிருந்து பதில் வரும்.

“ஜெயந்தினி!”

“இருக்கேங்க!” என்றாள் முதல் நிரையில் நின்ற அம்மாக்கண்ணு, கொஞ்சமும் கூசாமல். “இருக்கேங்க!” என்றாள் அடுத்த நிரை நிஷாந்தி. பிள்ளை கீழே கிடந்து அழுதது அத்தனை பேருக்கும் தெரியும். மலை முழுக்க முப்பத்தெட்டுக் குரல்! ஷாமிலா பதறிப்போய் எல்லாப் பக்கமும் படமெடுத்துத் தள்ளினாள்.

படத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஜெயந்தினியின் முகம், மூக்குத்தி உட்பட. அறுபதை நெருங்கும் அம்மாக்கண்ணுக்கும்தான். மலையில் எந்த இடத்தில் அவளை நிறுத்துவதென்று பார்வைக்கே தெரியாமல் போய்விட்டது. ஷாமிலா விழுந்தடித்துக் கீழே ஓடினாள். காம்பராவில் ஜெயந்தினி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது.

“சத்தம் போடாதீங்க மிஸ், இப்பத்தான் தூங்குச்சு.”

மலையில் முப்பத்தெட்டு, கீழே ஒன்று என்று ஷாமிலா அறிக்கை எழுதினாள். அம்மாக்கண்ணு தன் படத்தை மட்டும் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் அந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் தாய் பக்கத்தில் இருக்கிறாள். மலையில் ஆள் குறைந்ததாகத் துரை இதுவரை சொன்னதில்லை.